கொதிநீர் பார்க்காத மூன்று துண்டுகள்

மோரிவாகி சான் குனிந்தபோது அவருடைய உச்சந்தலையில் மரத்தூள் ஒட்டியிருப்பது தெரிந்தது. மலையிலிருக்கும் தன் மர அறுப்பு ஆலையிலிருந்து இரண்டரை மணி நேரம் லாரி ஓட்டி வந்திருக்கிறார். கோட்டு போட்டு, டை கட்டி, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு எல்லாம் செய்தவர், தலையை மட்டும் தட்டிவிட மறந்திருக்கிறார். எங்கள் மர ஆய்வுக்கூடத்து வாசலில், செருப்பு மாற்றும் இடத்திலேயே நின்று, இடுப்பிலிருந்து நேராக மடிந்தார். வலது கையில் இனிப்புப் பெட்டி. இடது கையில் துணியில் முடிந்த ஏதோ ஒன்று. மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் கனமான இனிப்பாகத்தான் வாங்குவார்கள். பெட்டியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்ததிலிருந்து உள்ளே பயறு அல்வா என்றும், விஷயம் பெரிது என்றும் புரிந்துகொண்டேன்.

"பெரிய தப்பு நடந்துபோச்சு. மன்னிக்கணும்," என்றார், என் செருப்பிடம்.

"சென்செய் ஊர்ல இல்லையே. சப்போரோல கருத்தரங்கு," என்றேன். எங்கள் கூடத்தை நடத்தும் பேராசிரியரை எல்லோரும் சென்செய் என்றுதான் சொல்வோம்.

"தெரியும் தம்பி. அதான் இன்னிக்கு வந்தேன். அவரு மூஞ்சில முழிக்கத் தைரியம் இல்ல. மொதல்ல உங்கிட்ட சொல்லி ஒத்திகை பாத்துக்கலாம்னு."

உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தேன். என்னைவிட இரண்டு வருடம் மூத்த ஆய்வாளரான இவாசே அக்கா தேநீர் போட எழுந்தார். பொதுவாக அது என் வேலை. மோரிவாகி சானுடைய டையைப் பார்த்ததும் அக்காவுக்கே பயம் வந்திருக்க வேண்டும்.

துணி முடிச்சு அவிழ்ந்தது. உள்ளே குளிக்கும்போது உட்காரும் மணை. எனக்குத் தெரிந்த மணைதான். எங்கள் செய்முறைப்படி அவருடைய அறுப்பு ஆலையில் முதன்முதலாக அழுத்திய பலகையில், பிப்ரவரி மாதம், தன் மனைவிக்காக அவரே செய்தது. அப்போது அதன் பலகை இரண்டரை சென்டிமீட்டர். இப்போது ஒரு பக்கம் நான்கு, மறுபக்கம் மூன்றரை. நடுவில் மழையில் நனைந்த தலையணை போல உப்பியிருந்தது.

"என் வீட்டுக்காரி சிசுவே மூணு வாரமா சொல்லிட்டிருந்தா, ஒக்காந்தா காலு தரையில சரியா படலைன்னு. வயசாவுது, ஒடம்பு குறுகுதுன்னு நெனச்சுக்கிட்டா. டாக்டர்கிட்ட போயி உயரம்கூட அளந்துட்டு வந்தா. உயரம் அப்படியேதான் இருக்கு. போன வாரம் மணை சாஞ்சு விழுந்தப்பதான் விஷயம் தெரிஞ்சுது."

"அடி பட்டுச்சா?"

"முழங்கைதான். அத வுடு. அவ வீடு முழுக்கச் சிரிச்சுட்டே சொல்லிட்டிருக்கா, நம்ம வீட்டுல வளர்றது இந்த மணை ஒண்ணுதான்னு."

இவாசே அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே பக்கத்து அறையிலிருந்து கேட்டது.

சுகி மரம் எங்கள் மலைகளெங்கும் நிற்கிறது. போருக்குப் பிறகு நட்டது. வசந்தம் வந்தால் மகரந்தத்தைக் கொட்டி நாட்டில் பாதிப் பேரைத் தும்ம வைப்பதைத் தவிர அதற்கு இப்போது பெரிய வேலை கிடையாது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும் மென்மை. அதை நீராவியில் இளக்கி, பாதிக் கனத்துக்கு அழுத்திப் பிடித்தால் ஓக் மரத்தோடு போட்டி போடும் பலகை கிடைக்கும். ஒரு தொல்லை உண்டு. மரம் மறப்பதில்லை. வெந்நீர் பட்டதும் பழைய உருவத்துக்கே திரும்பப் பார்க்கும். மறக்கடிக்க, அழுத்திய நிலையிலேயே நூற்றெண்பது டிகிரி நீராவியில் எட்டு நிமிடம் வைக்க வேண்டும். நான்கு நிமிடம் போதாதா என்பது என் ஆராய்ச்சி. சின்ன ஆலைக்கு நான்கு நிமிட நீராவி மிச்சம் என்பது சின்ன விஷயமில்லை.

குளிர்ந்த நீர்ச் சோதனையில் என் துண்டுகள் அசையவில்லை. கொதிநீர்ச் சோதனை மட்டும் பாக்கி. அதற்கென்று ஓர் இருபது லிட்டர் பானை இருக்கிறது. 'உணவு சமைக்கக் கூடாது' என்று எழுதி ஒட்டிய பானை. டிசம்பரில் ஆண்டு இறுதி விருந்து. கூடத்தில் கடைசியாகச் சேர்ந்தவன்தான் விருந்து ஏற்பாடு செய்ய வேண்டும். முள்ளங்கியும் மீன் உருண்டையும் போட்டு வேகவைக்கும் ஓடென் குழம்பைப் பதினெட்டுப் பேருக்கு வைக்கும் அளவுக்கு வேறு பாத்திரம் இல்லை. முள்ளங்கி நாள் முழுவதும் மெல்ல வேக வேண்டும். மரத்துக்கு அவசரமில்லை, முள்ளங்கிக்கு இருந்தது. ஓடென் அருமை என்று சென்செய் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் பானையில் மீன் உருண்டை வாசனை போகவில்லை. அறிக்கை கொடுக்கும் நாளும் அதுவே. அட்டவணையில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. மற்ற எண்கள் போகிற போக்கைப் பார்த்து, மீளும் அளவு 3.1 சதவீதம் என்று எழுதினேன். 3 என்று மொட்டையாக எழுதினால் யாராவது கேள்வி கேட்பார்கள். 3.1 என்றால் குனிந்து அளந்தவன் எழுதியதுபோல இருக்கும். விருந்து முடிந்த வாரமே வேகவைத்து, எண் மாறினால் திருத்திவிடலாம் என்றிருந்தேன். பிறகு விடுமுறை வந்தது. பிறகு எல்லோரும் அந்த எண்ணைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

"எங்க பாய்லர் பழசு," என்றார் மோரிவாகி சான். "முள்ளு நூத்தெம்பது காட்டும், உள்ள அவ்வளவு இருந்திருக்காது. நீங்க குடுத்த நாலு நிமிஷக் கணக்குல தப்பே இல்ல. நான்தான் ஒழுங்கா செய்யல." அவர் இதை லாரியில் பலமுறை சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, மூச்சு விட வேண்டிய இடத்தில் விட்டார். "ஊர்ப் பொதுக் குளியலறைக்கு அறுநூறு பலகை அழுத்தி வெச்சிருக்கேன். திங்கக்கிழமை தரை போடறாங்க. நாளைக்குக் குளியலறைக் கமிட்டிக்காரங்களக் கூட்டி, என் வேலை சரியில்லன்னு சொல்லிடப் போறேன். மர ஆலைச் சங்கத் தலைவர் பதவியும் வேணாம்னு எழுதிக் குடுத்துடுவேன். சென்செய் பேருக்கு ஒரு கறையும் வராது."

தேநீர்க் கோப்பையை எடுத்தேன். அதில் தேநீர் இல்லை, குடித்துவிட்டிருந்தேன். காலிக் கோப்பையிலிருந்து இன்னொரு வாய் குடித்தேன்.

"அது வந்து, மோரிவாகி சான்..."

"ஒரே ஒரு ஒதவி தம்பி." கோட்டுப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்தார். உள்ளே அவருடைய தரைப் பலகையிலிருந்து அறுத்த மூன்று துண்டுகள். "நீ கொதிக்க வெச்சுப் பாத்த துண்டு இருக்கும்ல? ஒரு வாட்டி கண்ணால பாக்கணும். சரியா செஞ்ச மரம் கொதிச்சப்பறம் எப்படி இருக்கும்னு பாத்துட்டா, நான் எங்க கோட்ட விட்டேன்னு புரிஞ்சுடும்."

"அதெல்லாம் ரொம்ப பழைய..."

"ஏன், அஞ்சு வருஷத்துக்கு ஒரு துண்டும் தூக்கிப் போடக் கூடாதுன்னுதானே சட்டம்," என்றார் இவாசே அக்கா. "சும்மா ஒக்காந்திருக்கியே, போயி எடுத்துட்டு வாயேன்டா. சரி, நானே எடுக்கறேன், உனக்கு எந்தப் பொட்டின்னு தேடவே ஒரு வாரம் ஆவும்." இருபது டிகிரி, அறுபத்தைந்து சதவீத ஈரப்பதம் காக்கும் அறைக்குள் போனார். அந்த அறையில் மரங்கள் மட்டும்தான் நிம்மதியாக இருக்கும்.

உறை வந்தது. மேலே என் கையெழுத்து: 'நான்கு நிமிடம். கொதிநீர்ச் சோதனை முடிந்தது.'

மோரிவாகி சான் அதிலிருந்த என் மூன்று துண்டுகளையும் உள்ளங்கையில் கொட்டினார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தார். அழுத்தும் தட்டின் பளபளப்பு அதன் மேல் அப்படியே இருந்தது. விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். பிளேடு போலக் கூர்மை. பக்கவாட்டில் நான் பென்சிலால் எழுதியிருந்த சி-8 என்ற எண், நேற்று எழுதியது போலக் கறுப்பாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். நாற்பது வருடமாக மரம் அறுக்கிறவர். அவருக்கு அளவுகோல் தேவைப்படவில்லை.

இவாசே அக்காவும் பார்த்துவிட்டார். பானையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஜன்னலோரம் போய், கழுவியிருந்த கோப்பைகளை மறுபடி கழுவத் தொடங்கினார்.

"தம்பி, இது தண்ணியே பாத்ததில்லையே."

திட்டுவது போல இல்லை. குழந்தையின் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதே என்பதுபோலச் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

"இல்ல," என்றேன். "வேக வைக்கவே இல்ல. அந்த எண்ண நான்தான் எழுதினேன். உங்க பாய்லர் சரியாத்தான் இருக்கு."

எழுந்து முழந்தாளிட்டுத் தரையில் நெற்றி பட விழுந்தேன். இப்படிச் செய்தவர்களைக் கூடத்து விருந்துகளில் எத்தனையோ தடவை நடித்துக் காட்டிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். உடம்பு பழக்கத்தில் நன்றாகவே விழுந்தது. அதுவும் வெட்கமாக இருந்தது. லினோலியத்தில் மரத்தூள் வாசனை. மேலே அவர் மூச்சு விடுவது கேட்டது.

"எதுக்காக எழுதின?"

"பானைல ஓடென் இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார். சிரிப்பதற்காகக் கேட்டாரா என்று தெரியவில்லை. நான் தலையைத் தூக்கவில்லை.

"இருந்துச்சு."

நாற்காலி நகர்ந்தது. "எந்திரி. சிசுவே முழங்கைக்கு நீ விழுந்து என்ன ஆவப் போவுது. அடுப்பப் பத்த வை. இப்பப் பாத்துடலாம், உன்னுதும் என்னுதும். அப்பறம் சென்செய்க்குப் போன் போடு. நாளைக்கு எங்க ஊருக்கு வந்து கமிட்டிக்காரங்க முன்னாடி நீ சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

பானையில் தண்ணீர் பிடித்தேன். அது கொதிப்பதற்குள், மேசையிலிருந்த என் கைபேசியில் சென்செய் அனுப்பிய செய்தி வந்தது: 'உரை நன்றாகப் போனது. எல்லோரும் 3.1 பற்றியே கேட்டார்கள்.' மேசை நடுவில் பயறு அல்வாப் பெட்டி பிரிக்கப்படாமல் இருந்தது. அது இப்போது யார் யாருக்குத் தர வேண்டியது என்று எங்கள் மூவருக்குமே தெரியவில்லை. யாரும் அதைத் தொடவில்லை.

ஆறு துண்டுகளையும் கம்பி வலைக்கு அடியில் வைத்துத் தண்ணீரில் இறக்கினேன். பொடிக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. சென்செய்யின் எண்ணை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டேன். மணி அடித்தது. மோரிவாகி சான் கோட்டைக் கழற்றாமல் பானைமேல் குனிந்து நின்றார். உச்சந்தலை மரத்தூளில் ஆவி படிந்து கறுத்தது. இன்னொரு மணி அடித்தது. சி-8 புரண்டு பக்கவாட்டைக் காட்டியது. நசுங்கியிருந்த ஆண்டு வளையங்கள் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டிருந்தன. அவற்றின் மேல் என் பென்சில் எழுத்தும் இழுபட்டு உயர்ந்துகொண்டே போனது, நான் நின்ற இடத்திலிருந்தே படிக்கும் அளவுக்கு.