சித்தப்பா மகனின் குதிரை

என் பெயர் ரஃபியுதீன். வயது இருபத்து நான்கு. சொந்த ஊர் சிதம்பரம். இப்போது இருப்பது கடலூர் ஓ.டி.யில், வேர்க்கடலை வியாபாரம் நடக்கும் மல்லாட்டை மண்டியில் கணக்கெழுதிக்கொண்டு, அதற்குப் பின்னால் ஓர் அறையில். ஊரில் பிழைக்க வழியில்லை என்று அறுபத்து மூன்றில் ரயில் ஏறி வந்தவன். அப்போது எல்லாரும் நல்ல முடிவு என்றுதான் சொன்னார்கள். எல்லாரையும்விட உரக்கச் சொன்னவர் அப்துல் வதூது மாமா.

மாமா என் அம்மாவின் அண்ணன். கடலூரிலேயே திருப்பாதிரிப்புலியூரில் லுங்கிக் கடை வைத்திருக்கிறார். அவர் மகள் ஷரீபா எனக்குத்தான் என்று நான் அரைக்கால் சட்டை போட்ட காலத்திலிருந்தே வீட்டில் பேச்சு.

"கடலூர்ல ஹார்பர் இருக்கு, கலெக்டர் ஆபீசு இருக்கு. சிதம்பரத்துல என்னடா இருக்கு? காலேஜு பசங்களும் கொசுவும்தான்" என்பார் மாமா. நானும் தலையாட்டுவேன்.

இந்த வருஷம் ஒரு கலர்ப் புத்தகம் வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்க்க வேண்டிய ஊர்களைப் பற்றியது. அதில் சிதம்பரத்துக்கு நாலு பக்கம். கடலூர் அரை வரியில், வழியில் வரும் ஊராக முடிந்துவிட்டது. மண்டியில் யாரோ கொண்டுவந்து காட்டியபோது எனக்கு மார்பு விரிந்துவிட்டது. "எங்க ஊரு பாத்தியா, எங்க ஊரு" என்று மூட்டை தூக்குகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். மூன்றாவது பக்கத்தைத் திருப்பும் வரைக்கும்தான் அந்தச் சந்தோஷம்.

மூன்றாவது பக்கத்தில், கீழ்க் கோபுரத்துக்கு முன்னால் ஒரு குதிரை வண்டி நின்றது. வண்டியின் மேல் பல்லைக் காட்டிக்கொண்டு கிபாயத்துல்லா உட்கார்ந்திருந்தான். என் சித்தப்பா மகன். என்னைவிட ஒரு வயது சின்னவன். எட்டாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்தவன்.

எடை போடும் காத்தவராயன் என் முகத்தைப் பார்த்தார். "என்ன தம்பி, வாய் மூடிடுச்சு? ஊருக்குப் பேரு வந்துச்சு. ஒனக்கு என்னா வந்துச்சு?"

எனக்கு என்ன வந்தது என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில் தெரிந்தது. புத்தகம் அங்கேயும் போயிருந்தது.

"மாப்ள, நம்ம கிபாயத்து லேசுப்பட்ட ஆளு இல்ல போலருக்கே" என்றார் மாமா. "சீமைக்காரன் கேமராவுல புடிச்சிருக்கான். இனிமே கூட்டம் ஜாஸ்தியாவும். அவனும் ஷரீபாவுக்கு முறைதான். ஒரு நட போயி பாத்துட்டு வந்துடுவோம்."

சலீமா மாமி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். "ரஃபிய வச்சிக்கிட்டா பேசுவாங்க இத?" என்றார்.

"வச்சிக்கிட்டுப் பேசுனா என்னா? அவன் நம்ம புள்ள. மறச்சிப் பேசினாதான தப்பு?"

நான் ரசத்தைச் சோற்றில் பிசைந்துகொண்டே இருந்தேன். என்றைக்குப் போகலாம் என்று மாமா கேட்டபோது மட்டும் தெளிவாகப் பதில் சொன்னேன். "வெள்ளிக்கிழமை போவோம் மாமா. கடைக்கும் லீவு. ஜும்மாவ அங்கியே தொழுதுக்கலாம்."

எனக்கு ஒரு கணக்கு இருந்தது. கிபாயத்து வண்டி ஓட்டும் ஸ்டேஷன் ஸ்டாண்டில் குதிரை வண்டிகள் வரிசையாக நிற்கும். முன்னால் நிற்கிற வண்டிக்குத்தான் அடுத்த சவாரி. ஜும்மா நேரத்தில் கிபாயத்து பள்ளிவாசலுக்குப் போவான். வரிசை நகரும்போது அவன் வண்டி நகராது. தொழுதுவிட்டு வரும் மாமா, வரிசைக் கடைசியில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும் மாப்பிள்ளையைப் பார்ப்பார். அது போதும் எனக்கு.

பாசஞ்சர் புதுச்சத்திரத்தில் நெடுநேரம் நின்றுவிட்டுத்தான் கிளம்பியது. சிதம்பரத்தில் இறங்கும்போது பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் நேரமாகிவிட்டது. மாமியைப் பெண்கள் வெயிட்டிங் ரூமில் உட்கார வைத்துவிட்டு, நானும் மாமாவும் லால்கான் தெருப் பள்ளிவாசலுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனோம். போகும்போதே திரும்பிப் பார்த்தேன். நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த, படத்தில் பார்த்த அதே குதிரை வரிசையின் நடுவில், ஆளில்லாமல் நின்றது. எனக்கு நடை லேசானது.

திரும்பி வந்தபோது ஸ்டாண்டில் கூட்டமாக இருந்தது. வரிசையின் தலையில் வெள்ளைப் பொட்டுக் குதிரை நின்றது. அதன் பக்கத்தில், பெட்டி மேல் உட்கார்ந்து ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் மல்லாட்டை உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் மடியில் அதே கலர்ப் புத்தகம்.

மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடி வந்தார். "அந்தக் கூத்த ஏன் கேக்குறீங்க! மெட்ராஸ் வண்டில எறங்குனாங்க. பொஸ்தகத்துல இருக்கிற குதிரையும் நிக்கிற குதிரையும் ஒண்ணான்னு மாத்தி மாத்திப் பாத்தாங்க. அப்பறம் நவுரவே இல்ல. ஆளு தொழுவப் போயிருக்காருன்னு அந்தப் பெரியவரு கையத் தூக்கிக் காதுல வச்சிக் காட்டுனாரு. சரி இருக்கோம்னு குந்திட்டாங்க!"

"வண்டி எப்படி முன்னாடி வந்துச்சு?" என்று நான் கேட்டேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

கையைக் காதில் வைத்துக் காட்டிய வண்டிக்காரர் கொளஞ்சியப்பன் பீடியை அணைத்தார். "நீ இந்த ஊருப் பையன்தான? வெள்ளிக்கெழம பாய்மாரு வண்டிய நாங்க நவுத்திவிடுவோம். எங்க சாமி பொறப்பாட்டுக்கு நாங்க போனா அவுங்க நவுத்திவிடுவாங்க. முறை முறைதான். கடலூருக்குப் போயி இதக்கூட மறந்துட்டியா?"

மாமா அதைக் கேட்டார். நன்றாகக் கேட்டார்.

கிபாயத்து தொப்பியோடு வந்து சேர்ந்தான். எங்களைப் பார்த்ததும் வெள்ளைக்காரர்களை விட்டுவிட்டு மாமா கையைப் பிடித்தான். "மாமா! அண்ணே! ஒரு காயிதம் போடக் கூடாதா? வண்டியோட நின்னிருப்பேன்ல."

"இப்ப எங்கள ஏத்திக்க" என்றார் மாமா, சோதிப்பவர்போல.

"அது முடியாது மாமா. மொத முறை இவுங்களுக்கு. நீங்க கொளஞ்சியப்பன் அண்ணன் வண்டில வாங்க. கொறவா நெனைக்காதீங்க."

மாமாவுக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். "நாயமான புள்ள" என்று மாமியிடம் சொன்னார்.

சாயங்காலம் சித்தப்பா வீட்டில் மாமா, ஷரீபாவுக்குக் கேட்டு வந்த விஷயத்தைச் சொன்னார். கிபாயத்து சிரித்த சிரிப்பில் டீ தொண்டையில் ஏறிவிட்டது. "அவுங்க படம் புடிச்சது குதிரைய மாமா. நான் குறுக்க உக்காந்திருந்தேன். குதிரையப் பாத்தா மாப்ள முடிவு பண்ணுவாங்க?" அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "பெரியவங்க சொன்னா நான் என்னா சொல்லப் போறேன்" என்றான். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

திரும்பும் ரயிலில் மாமா என் தொடையைத் தட்டினார். "நீயும் சிதம்பரத்துக்காரன்தான. ஊரு மேல வர்ற நேரத்துல நீ ஏன்டா மல்லாட்ட மூட்டய எண்ணிக்கிட்டு இருக்க? ஊரோட போயி ஒரு வேலைல குந்து. அப்பறம் பேசுவோம்." அறுபத்து மூன்றில் என்னைக் கடலூருக்குத் தள்ளியவர் யார் என்று கேட்க வாய் வந்தது. மாமியின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

அவர்களை வீட்டில் விட்டபோது ஷரீபா கதவுக்குப் பின்னாலிருந்து பேசினாள். "மச்சான், அம்மா எல்லாம் சொன்னாங்க. எனக்குக் குதிரையும் வேணாம் கோபுரமும் வேணாம். ஆனா பெத்த அத்தாகிட்ட ஹஜ்ஜுப் பெருநா வரைக்கும்தான் தாக்குப்புடிப்பேன். அதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க."

அடுத்த வாரமே சிதம்பரம் போய் ஸ்டாண்டில் ஒரு வண்டி போட வழி உண்டா என்று கேட்டேன். கிபாயத்துதான் பதில் சொன்னான், வருத்தப்பட்டுத்தான் சொன்னான். "அண்ணே, பொஸ்தகம் வந்ததுலேருந்து ஊர்ப்பட்ட ஆளு கேட்டுட்டான். இனிமே புது வண்டி இல்லன்னு எல்லாருமாப் பேசி முடிச்சாச்சு. ஒனக்கு மட்டும் எப்பிடி விடுறது?" லாட்ஜுகளில் கேட்டேன். கடலூர்க்காரருக்கு இங்கே என்ன வேலை என்று ஒருவர் கேட்டார். நான் பிறந்த தெருவிலிருந்து நாலு வீடு தள்ளி நின்றுகொண்டு அதைக் கேட்டார்.

இதைப் படிக்கிறவர்களுக்குச் சிதம்பரத்தில் ஒரு கடையோ, ஓட்டலோ, லாட்ஜோ, தெரிந்தவர்களோ இருந்தால் எனக்கு ஒரு வேலை சொல்லுங்கள். கணக்கு எழுதுவேன், எடை போடுவேன், கொஞ்சம் இங்கிலீஷ் வாசிப்பேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னால் சொன்னால் நல்லது.