பன்னிரண்டு பாட்டில் ஆறு

ஆற்றுப்படுகை நெடுகப் பன்னிரண்டு இடங்களில் தண்ணீரும் மண்ணும் எடுத்துவரப் போன அத்தான், மதியச் சாப்பாட்டுக்கெல்லாம் திரும்பிவிட்டார். ஷூவில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. பார்த்ததுமே ஆய்வுக்கூடத்தில் சோதனை செய்யும் கொழுந்தியாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவைக் கட்டிய இந்த மனிதரைத்தான் குடும்பமே விஞ்ஞானி என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது. இவரும் கள ஆய்வாளர் என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறார்.

"பாசனத்துக்கு ஏற்றதுன்னு எழுதி இன்னைக்கே குடுத்துரும்மா. உன் அறிக்கை வந்தாத்தான் நாளைக்கு மதகைத் திறப்பாங்க" என்று சொல்லிவிட்டு, எதிர் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

அவள் முதல் பாட்டிலைத் திறந்தாள். குப்பென்று குளோரின் வாசனை. சோதனை மருந்தை இரண்டு சொட்டு விட்டதும் தண்ணீர் ரோஜா நிறமானது. மற்ற பதினொன்றும் அப்படியே. உப்பின் அளவும் எல்லாவற்றிலும் ஒன்றுதான். வழியெல்லாம் சாயப்பட்டறைக் கழிவை விழுங்கிவரும் ஆறு, இவருக்காகக் குளோரின் போட்டுக் குளித்துவிட்டு வந்திருக்கிறதாம்!

மண் பைகள் இன்னும் அழகு. கரிய வண்டல் இருக்க வேண்டிய பைகளில் செம்மண்ணும் ரோஜாச் செடியின் வேரும் இருந்தன. எட்டிப் பார்த்தாள். வராந்தாவில் தொட்டிகள் பாதி காலியாகி, செடிகள் சாய்ந்து கிடந்தன. ஏமாற்றுவதற்கும் கொஞ்சம் உழைக்க வேண்டும், அதற்குக்கூட இந்த ஆளுக்கு உடம்பு வணங்கவில்லை.

"அத்தான், இது நம்ம ஆபீஸ் குழாய்த் தண்ணி."

"எல்லாம் தண்ணிதானே? எவன் வந்து பாக்கப் போறான்? உனக்கு முன்னாடி இருந்தவர் கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போடுவாரு."

இத்தனை வருஷமாக இவருக்கு மரியாதையாக எழுந்து நின்றதை நினைத்து அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. மூன்றாவது மதகின் கீழேதான் அக்கா நான்கு ஏக்கர் தக்காளி நட்டிருக்கிறாள். ஆற்றில் உப்பு ஏறியிருந்தால் ஒரே பாய்ச்சலில் நாற்று கருகிவிடும், நிலமும் பாழாகும். சொந்தப் பெண்டாட்டியின் வயலுக்கு எந்த மதகிலிருந்து தண்ணீர் வருகிறது என்றுகூட இந்த விஞ்ஞானிக்குத் தெரியாது.

சொல்ல வாயெடுத்தபோது அக்காவே போனில் வந்தாள். தங்கை போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"ஏண்டி, நாளைக்கு எங்க வயலுக்குத் தண்ணி விடறாங்களாமே? நல்ல தண்ணிதானே? என் உசுரே இந்த நாத்துலதான் இருக்கு."

"அத்தான்கிட்டயே கேளுக்கா. அவர்தானே ஆத்துல எடுத்துட்டு வந்தாரு."

நீட்டிய கால் மடங்கியது. "உன் வயலுக்கு எந்த மதகு?" என்று கேட்டார்.

"மூணாவதுங்க. நாலு மாசமா சொல்றேனே, காதுல விழலியா?"

அத்தான் கொழுந்தியாளைப் பார்த்தார். நீயே ஏதாவது சொல்லிக் காப்பாற்று என்று கண்ணாலேயே கெஞ்சினார். அவள் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

"தண்ணிய விடாதே" என்றார் கடைசியில். "நான் இன்னும் ஆத்துக்கே போகல."

 அக்கா பட்டென்று போனை வைத்துவிட்டாள்.

தங்கை, கழுவிய பன்னிரண்டு காலி பாட்டில்களை அவர்முன் அடுக்கினாள்.

"ஷூவைக் கழட்டிட்டு இறங்குங்க, அத்தான். கரையோரமா வேணாம், நடு ஆத்துல."

அவர் பாட்டில்களை வாரிக்கொண்டு போனதும் அறிக்கையை எடுத்தாள். முடிவு என்ற இடத்தில் நிறுத்தி நிதானமாக எழுதிக் கையெழுத்தும் போட்டாள்: ‘ஆபீஸ் குழாய்த் தண்ணீர். குடிக்க ஏற்றது.’