கிரேன்காரி டாக்டரிடம் சொன்னது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது என் கதை இல்லை. என் தங்கையை நச்சரித்து வாங்கிய கதை. அவள் கட்டட வேலை நடக்கும் இடத்தில் கோபுரக் கிரேன் ஓட்டுகிறவள். வீட்டில் அவளுக்குக் 'கிரேன்காரி' என்றே பெயர். மனநிலை ஒரேயடியாக மேலே போகாமலும் கீழே விழாமலும் இருக்க, சில வருடங்களாக லித்தியம் மாத்திரை சாப்பிட்டு வந்தாள். நடுவில் யாருக்கும் சொல்லாமல் நிறுத்தினாள். பிறகு மறுபடியும் தொடங்கினாள். அந்தப் 'பிறகு'தான் கதை.

"எழுதிக்கோ. ஆனா ஒவ்வொரு பக்கத்தையும் எனக்குப் படிச்சுக் காட்டணும்" என்றாள். தலையாட்டினேன். எழுதுகிறவள் யாரும் ஒத்துக்கொள்ளக் கூடாத நிபந்தனை அது.

2

முதல் தொடக்கம்:

மேகங்களுக்கு நடுவே, தனிப் பறவையாக, அவள்

"நிறுத்து, நிறுத்து. மேகம் எங்கேருந்து வந்துச்சு? அங்க இருக்கறது சிமெண்டுத் தூசி."

இரண்டாம் தொடக்கம்:

அவளுக்குள் இருண்ட கடல் ஒன்று

"அக்கா, எனக்கு என்ன வியாதின்னு டாக்டர் தெளிவா சொல்லியிருக்காங்க. கடல்னு சொல்லல."

சரி, சுற்றி வளைக்காமல்: அவளுக்குக் கை நடுங்கியது.

பெரிய நடுக்கம் இல்லை. காப்பிக் கோப்பையை எடுத்தால் தட்டில் லேசாகக் கடகடக்கும், அவ்வளவுதான். மாத்திரையின் பக்கவிளைவு. என்னைப் போல உட்கார்ந்து எழுதுகிறவளாக இருந்தால் பொறுத்துப் போயிருப்பாள். அவளுடைய பிழைப்போ இரண்டு கைப்பிடிகளில் இருந்தது. ஒன்றை அசைத்தால் கிரேனின் நீண்ட கை திரும்பும். மற்றதை அசைத்தால் கொக்கி ஏறும், இறங்கும். நடுக்கத்தைப் பற்றி டாக்டரிடம் சொன்னால் இனி மேலே ஏறவே விடமாட்டார் என்று பயந்தாள். பொம்பளைக்கு இதெல்லாம் சரிப்படுமா என்று கேட்டவர்கள் வாயை அடைத்துத்தான் கிரேன் உச்சியில் இருக்கும் அந்தக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்திருந்தாள். அதை விட மனமில்லை. மாத்திரையை விட்டாள்.

(இந்த இடத்தில் நீங்கள் 'அடிப்பாவி' என்று சொல்லலாம். நான் சொன்னேன்.)

3

நிறுத்தியதும் நடுக்கம் நின்றது. இதையும் எழுத வேண்டியிருக்கிறது. எழுதாமல் விட்டால் அவளை முட்டாளாக்கியது போலாகிவிடும். கை பாறை மாதிரி நின்றது. வேலை வெண்ணெயாக ஓடியது.

டாக்டரை ஏமாற்றுவதும் சுலபமாக இருந்தது. ரத்தப் பரிசோதனை வருகிறது என்றால் அதற்கு முன்னால் மட்டும் ஒழுங்காக மாத்திரை போட்டுக்கொண்டு போவாள். மருந்தின் அளவு கச்சிதமாக வரும். (இதை எப்படிச் செய்தாள் என்று விளக்கமாக எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன். உங்களுக்கு வேண்டாம்.)

அப்புறம் தூக்கம் சுருங்கியது. பேச்சு நீண்டது. வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் மஞ்சள் பெயிண்ட் அடித்தாள். பக்கத்து வீட்டுக் கதவுக்கும் அடித்தாள். கேட்டதற்கு, "வெறுமனே இருந்துச்சு, பாவம்" என்றாள்.

4

கீழே நின்று வாக்கிடாக்கியில் அவளுக்கு வழி சொல்கிறவரைக் கொடியண்ணன் என்பார்கள். முன்பெல்லாம் கொடி காட்டியவர். கொடி போனபின்னும் பெயர் ஒட்டிக்கொண்டது. சுமை இறங்கும் இடம் மேலே இருப்பவளுக்குப் பாதி நேரம் தெரியாது. அவர் சொன்னால்தான் திருப்ப வேண்டும்.

அன்றைக்குக் கம்பிக்கட்டு ஒன்றைத் தூக்கினாள். உடம்பெல்லாம் றெக்கை முளைத்தது போலிருந்தது. எது எங்கே போக வேண்டும் என்று எனக்கே தெரியுமே, இவர் எதற்கு என்று தோன்றியது. அவர் வாயைத் திறக்கும் முன்பே திருப்பினாள். அளந்து வைத்தது போலக் கம்பிக்கட்டு இடத்தில் போய் உட்கார்ந்தது. மேஸ்திரி கைதட்டினார்.

வாக்கிடாக்கியில் மட்டும் சத்தமில்லை. பிறகு கொடியண்ணனின் குரல், மூச்சிரைக்க வந்தது. "தங்கச்சி, நான் இன்னும் சொல்லவே இல்லையேம்மா. ரெண்டு பேரு அடியில நின்னாங்க. இழுத்துப் போட்டுட்டேன்."

என் பிரதியில் அடுத்து இப்படி இருந்தது: அப்போது கட்டிலிருந்து ஒரு கம்பி உருவிக்கொண்டு

"யாரையாவது சாகடிச்சாத்தான் உனக்குக் கதையா?" என்று கிரேன்காரி என் பேனாவைப் பிடுங்கினாள். "யாருக்கும் ஒண்ணும் ஆகல. அதுதான் எனக்குப் பயமே. ஒண்ணும் ஆகலேன்னா, மறுநாளும் அதையேதானே செஞ்சிருப்பேன்?"

விபத்தை அடித்துவிட்டேன். நடந்தது இதுதான்: இயந்திரத்தை நிறுத்தினாள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு இறங்கினாள். டாக்டருக்கு ஃபோன் போட்டு மறுநாளுக்கு நேரம் வாங்கினாள்.

5

வேறொரு வழியும் இருந்தது. சத்தமில்லாமல் மாத்திரையைத் திரும்பத் தொடங்கிவிடலாம். பொய்யும் வெளியே வராது, வேலையும் போகாது. போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மாவை நான் இறுகிய முகமும் தடித்த கண்ணாடியுமாக எழுதியிருந்தேன். "அவங்க அப்படியெல்லாம் இல்ல. எப்பவும் ஜலதோஷம்" என்றாள். ஆக, டாக்டர் மூக்கைச் சிந்திக்கொண்டே பழைய ரிசல்ட்டைப் பார்த்தார்.

"ரொம்ப நல்லாயிருக்கும்மா. இப்படியே போனா இனிமே அடிக்கடி வரவேண்டாம்."

எழுந்து வந்திருக்கலாம். அந்த நேரத்தில் என்ன நினைத்தாய் என்று கேட்டேன்.

"அந்த ரெண்டு பேரு என்ன கலர் ஹெல்மெட் போட்டிருந்தாங்கன்னு யோசிச்சுப் பாத்தேன். தெரியல. நான் கீழ பாக்கவே இல்லக்கா."

பிறகு சொன்னாள்: "டாக்டர், அந்த ரிசல்ட் பொய்."

"லேப்ல தப்பு பண்ணிட்டாங்களா?"

"லேப் சரிதான். நான்தான் பண்ணினேன்."

எல்லாவற்றையும் கொட்டினாள். நடுக்கம், நிறுத்தியது, பரிசோதனைத் தந்திரம், தூக்கம், மஞ்சள் கதவுகள், கம்பிக்கட்டு. (அவள் கண்கள் குளமாயின என்று எழுதினேன். "நான் அழல. பசிச்சுது" என்றாள்.)

"திட்டுவீங்கன்னு நினைச்சேன்."

"திட்டுவேன், அது அப்புறம்" என்றார் டாக்டர். "கை நடுக்கத்துக்கு எத்தனை வழி இருக்கு தெரியுமா? அளவைக் குறைச்சுப் பாக்கலாம். மெதுவா கரையற மாத்திரை இருக்கு. நடுக்கத்துக்குன்னே தனியா மருந்து இருக்கு. எதுவும் ஒத்துவரலேன்னா லித்தியத்தையே மாத்தலாம். ஆனா நடுங்குதுன்னு எனக்குத் தெரியணும்ல? இத்தனை நாளா நான் உங்களுக்கு வைத்தியம் பாக்கல. உங்க பேர்ல வந்து போன ஒரு சமத்துப் பொண்ணுக்குப் பாத்திருக்கேன்."

"அப்ப இன்னிக்கே பழைய அளவைத் தொடங்கிடட்டுமா?"

"நீங்களா எதையும் தொடங்கக் கூடாது. முதல்ல ரத்தம் பாக்கணும். சிறுநீரகம், தைராய்டு எல்லாம். கம்மியா ஆரம்பிச்சு ஏத்தலாம். நான் சொல்ற வரைக்கும் கிரேன் பக்கம் போகாதீங்க. தரையில வேலை கொடுங்கன்னு எழுதித் தரேன். மத்தபடி யார்கிட்ட எவ்வளவு சொல்றதுங்கறது உங்க இஷ்டம்."

வெளியே வந்ததும் மனசு லேசாகிவிட்டதா என்று கேட்டேன்.

"லேசா? ஓட்டப் பந்தயத்துல எல்லாரையும் முந்தி ஓடி ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு. எழுதிக்கோ. இதை மட்டும் அடிச்சிடாதே."

அடிக்கவில்லை.

6

தரையில் கொடியண்ணனுக்குப் பக்கத்தில் நின்று சுமைக்குக் கயிறு மாட்டினாள். தன் கூண்டில் வேறொருவன் உட்கார்ந்திருப்பதை அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது. கொடியண்ணனிடம் விஷயத்தை முழுக்கச் சொன்னாள். அவர் ஆறுதல் சொல்வார் என்று நான் எழுதி வைத்திருந்தேன். அவருக்குக் கோபம்தான் வந்தது.

"என்கிட்ட சொல்லி என்ன? அந்த ரெண்டு பேருகிட்டயும் போய்ச் சொல்லு."

போய்ச் சொன்னாள். ஒருவர் முகம் கொடுத்துப் பேசப் பல நாள் ஆயிற்று. மற்றவர் அவளை ஓரமாகக் கூப்பிட்டு, "அந்த டாக்டரம்மா எங்க பாக்கறாங்க?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

நடுக்கம் திரும்பி வந்தது. அன்றைக்கே டாக்டரிடம் சொன்னாள். மாத்திரை மாறியது, மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள், அளவை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். தூக்கம் பழையபடி வந்து சேர்ந்தது. கை அடங்கியது. ஒருநாள் டாக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஏறுங்க" என்றார். வேலை இடத்திலும் ஓட்டச் சொல்லிச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தார்கள்.

திரும்ப ஏறிய அன்று அவளுக்கு வந்த முதல் சுமை ஒரு படிக்கட்டு. கான்கிரீட்டில் முழுசாக வார்த்த படிக்கட்டு. அதை மேல்தளத்து இடுக்கில் இறக்க வேண்டும். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் விரல்கடை இடம்தான். கொடியண்ணன் சொல்லச் சொல்ல இறக்கினாள். "இன்னும்... இன்னும்... நில்லு. இப்ப விடு." கல் கல்லோடு பொருந்தும் சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை, கீழே கிளம்பிய விசில் கேட்டது.

வேலை முடிந்து இறங்கி வந்தவள், தான் வைத்த படிக்கட்டில் தானே நடந்து ஏறினாள்.

7

முடிவுக்கு வருகிறேன். ஒரு முடிவில் அவளுக்கு இன்னும் பெரிய கிரேன் கொடுத்தேன். இன்னொன்றில் அவள் மறுபடியும் மாத்திரையை

இரண்டையும் படித்துக் காட்டினேன். முதலாவதற்குச் சிரித்தாள். இரண்டாவதைக் கேட்டுவிட்டு, "தோணலாம். தோணினா டாக்டர்கிட்ட சொல்லுவேன்" என்றாள், பல் குத்திக்கொண்டே.

"சரி, படியேறி மேலே போனியே, அங்க என்ன பண்ணினே? அதையாவது சொல்லு. அதோட முடிச்சுக்கறேன்."

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"டாக்டர்கிட்டதான் எல்லாத்தையும் சொல்லணும். உன்கிட்ட எதுக்கு?"

கொடியண்ணனைக் கேட்டுப் பார்த்தேன். மேலிருந்து சத்தமாக ஒரு சிரிப்புக் கேட்டதாம். அதற்குமேல் அவருக்கும் தெரியாதாம். எனவே உங்களிடமே விட்டுவிடுகிறேன். சுவரில்லாத தளம், சாயங்கால வெயில், நடுவில் என் தங்கை. அவள் அங்கே என்ன செய்தாள் என்று