முசுறுக்குப் போட்ட கயிறு

கொடி கட்ட ஊரில் வேறு மரமே இல்லாதது போல, பாலையன் கண்ணில் சொந்த வீட்டு மேட்டில் நின்ற முந்திரி மரம்தான் பட்டது. பாறசாலை தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம். மேட்டு உச்சியில் கொடி பறந்தால் உதியன்குளங்கரைக்குப் போகிற பஸ்ஸெல்லாம் பார்க்கும். ஆனால் மரம் முழுக்க முசுறு. இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் அந்தச் சிவப்பு எறும்பு கடித்தால் எப்பேர்ப்பட்ட வீரனும் வேட்டியை உதறிவிட்டு ஓடுவான். பாலையன் காய்ந்த ஓலையைக் கொளுத்தி, மேட்டு மரங்களில் ஒரு கூடு விடாமல் கருக்கிவிட்டு ஏறிக் கொடியைக் கட்டினான். மனைவி சௌதாமினி சந்தையிலிருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மார்கழியில் பூ வந்தது. கூடவே கொசு மாதிரி ஒரு பூச்சியும் வந்தது. அது வாய் வைத்து உறிஞ்சிய தளிரும் பூங்கொத்தும் நெருப்பில் வாட்டியது போல் கருகின. முசுறு இருந்தவரை அந்தப் பூச்சிக்கு அங்கே கால் வைக்கத் துணிச்சல் இருந்ததில்லை. பாதி வருஷம் அந்த வீட்டில் அடுப்பு எரிவதே முந்திரிக்கொட்டை விற்ற காசில்தான். சௌதாமினி கருகிய கொத்து ஒன்றை ஒடித்து வந்து புருஷன் முன்னால் போட்டாள்.

"கொடி காய்ச்சாக்கும் பிள்ளையளுக்குக் கஞ்சி ஊத்தப் போறீங்க?"

பாலையன் அந்தக் கொத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மேடையில் மட்டும் மணிக்கணக்காகப் பேசுவான்.

வீட்டை ஒட்டிப் போகிற ஒடுங்கிய இடவழிக்கு அந்தப் பக்கம் கிருஷ்ணன்குட்டியின் மரங்களில் முசுறு மொய்த்துக் கிடந்தது. அவர் பாறசாலை கேரளத்தோடுதான் இருக்க வேண்டும் என்கிற ஐக்கிய கேரளத்துக்காரர். கொடி ஏறிய நாள் முதல் கொடி தெரிகிற பக்கத்து ஜன்னலையே அடைத்துவிட்டவர். சௌதாமினி நேராக அவரிடம் போனாள்.

"சேட்டா, உங்க முசுறு எனக்கு வேணும். ஒரு கயிறு கட்டிக்கிடட்டா?"

"முதல்ல அந்தக் கொடி எறங்கட்டு."

"முசுறு வந்து ஏறட்டும் சேட்டா. பிறவு நீங்களே உங்க கையால அவுத்துக்கிடுங்க. அவரு தடுக்காம நான் பாத்துக்கிடுவேன்."

தன் கையால்! அந்த ஒரு வார்த்தையில் மனிதர் குளிர்ந்துபோனார். தேங்காய் நார்க் கயிற்றை அவரே எடுத்து வந்து இடவழிக்கு மேலே மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டினார். இந்த முனையில் சௌதாமினி சாளை மீன் தலைகளைக் கோத்துத் தொங்கவிட்டாள்.

வாசனை பிடித்து ஒரு முசுறு கயிற்றில் இறங்கியது. நடுவழியில் நின்றது. திரும்பிப் போயிற்று. சற்று நேரத்தில் நாலு வந்தன, பிறகு கயிறே சிவந்துபோயிற்று! "வருதுட்டி, வருது!" என்று பாலையன் கத்தினான். ஒரு பூங்கொத்தில் உட்கார்ந்திருந்த பூச்சியை முசுறுகள் ஆளுக்கொரு காலாகப் பிடித்து இழுத்தபோது சௌதாமினி கை தட்டிக் குதித்தே விட்டாள். அத்தனை சந்தோஷம் அவளுக்குக் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

வாரம் திரும்புவதற்குள் மரமெல்லாம் கூடு. கொடிக்கம்பைச் சுற்றியே பெரிய கூடு ஒன்று. கிருஷ்ணன்குட்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொடி அவிழ்க்க ஏறினார். முதல் கவட்டைத் தாண்டவில்லை. "அய்யோ!" என்று குதித்து, உடம்பெல்லாம் தட்டிக்கொண்டு ஆடினார்.

"நான் தடுக்கவே இல்லை கேட்டேளா," என்றான் பாலையன்.

கிருஷ்ணன்குட்டிக்கு முகம் சிவந்தது. வீட்டுக்கு ஓடி வெட்டுக்கத்தியோடு வந்தார். கயிற்றுக்கு நேரே கத்தியை ஓங்கினார். முட்டையிடும் தாய் எறும்பு இன்னும் அவர் மரத்தில்தான்; கயிறு அறுந்தால் சௌதாமினிக்கு மறுபடி கருகல்தான்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. கயிற்றின்மேல் முசுறுகள் வெள்ளை வெள்ளையான குஞ்சுகளை வாயில் கவ்விக்கொண்டு இந்தக் கரைக்கு நடந்துகொண்டிருந்தன. பாதிக் குடும்பம் இங்கே, பாதி அங்கே. கிருஷ்ணன்குட்டி ஒரு குஞ்சு இந்தக் கரை சேரும்வரை பார்த்தார். கத்தி தாழ்ந்தது.

"எடா பாலையா," என்றார், கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டே. "இனி நீ தீயும் கொண்டு அந்த மரத்துகிட்ட போனா நான் விடமாட்டேன். மேல இருக்கது என் முசுறாக்கும்!"