முழங்கால் உயரக் குரோட்டன்ஸ்

1

2008 ஆகஸ்ட் 24, ஞாயிறு. மத்திய ஜாவாவில், மகெலாங் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் இடுகாடான மையவாடியில் கபர்களைச் சுத்தம் செய்தார்கள். நோன்புக்கு ஒரு வாரம் இருந்தது.

பக்கத்து ஊரில் குடியிருந்த நான் அன்று நடந்ததைக் கேள்விப்பட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். முதல் வரி: ‘பொனிரானின் தோட்டமெங்கும் வண்ணங்கள் பொங்கி...’

(வேண்டாம். அவருடைய மகள் ஸ்ரீநிங் ஆறு வயதில் செத்துப்போனவள். பொங்குவதற்கு இதில் ஒன்றும் இல்லை.)

2

பொனிரான் நாற்றுப்பண்ணைக்காரர். மகளின் தலைமாட்டில் ஒரு குட்டைக் குரோட்டன்ஸ் நட்டிருந்தார். மஞ்சள் இலை, சிவப்பு நரம்பு.* அடையாளத்துக்கு ஊன்றிய மரக்கட்டை மக்கிவிட்டது. பெயர் வெட்டிய கல் வைப்பது அந்த ஊரில் வழக்கமில்லை. செடிதான் அடையாளம்.

ஊரெல்லாம் குரோட்டன்ஸ் பைத்தியம் பிடித்து அலைந்த நாளில் அவர் அதிலிருந்து ஒரு கிளை வெட்டினார்.

“மையவாடிச் செடிய வீட்டுக்குக் கொண்டாராதீங்க. ஆகாது,” என்றாள் மனைவி வகிரா.

“ஒரு கிளைதான் புள்ள. அவளும் கொஞ்சம் நம்மகூட இருக்கட்டுமே.”

[இந்தப் பதிலை எழுதியவன் நான். அவருக்கு இருந்தது பாசமா, தொழில் ஆசையா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.]

கிளை வேர்விட்டது. அதிலிருந்து இன்னும் பல கிளைகள். மையவாடியை அழகுபடுத்த ஊரார் செடி கேட்டார்கள். வண்டி நிறையச் சும்மாவே கொடுத்தார். பாதையோரத்துக்கு என்றுதான் நினைத்தார்.

* நிறம் பிடிக்க நல்ல வெயில் வேண்டும். மையவாடியில் நிழல்மரம் கிடையாது.

3

அந்த ஞாயிறு பொனிரானும் வகிராவும் ஆளுக்கொரு பூக்கூடையோடு போனபோது கபர் மேடுகள் சமன் செய்யப்பட்டிருந்தன. ஒவ்வொரு தலைமாட்டிலும் மஞ்சள் இலை, சிவப்பு நரம்பு, முழங்கால் உயரம்.

“எப்படிண்ணே இருக்கு? டவுன் பூங்கா தோத்துடும்ல?” என்றான் மையவாடிக் காவலாள் மர்ஜோ. “பழசெல்லாம் கிழடு தட்டிக் கெடந்துச்சு. புடுங்கிட்டோம்.”

“எம்பொண்ணு எங்கடா?”

மர்ஜோ கையை நீட்டினான். கை இடப்பக்கம் போய், வலப்பக்கம் வந்து, இறங்கியது.

“உங்க செடிதானேண்ணே... உங்களுக்குத் தெரியாதா?”

4

வகிரா ஒரு இலையை வைத்து இடத்தைக் கண்டுபிடித்தாள் என்று எழுதி, அடித்தேன். ஒரே தாய்ச்செடியின் கிளைகள் அவை, இலை காட்டிக்கொடுக்காது. மையவாடிச் சுற்றுச்சுவரிலிருந்து அளந்தார்கள் என்று எழுதினேன். சுவரையும் தள்ளிக் கட்டியிருந்தார்கள். உங்களுக்கு வேறு வழி தோன்றினால் இந்த இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: ........................

நடந்தது இவ்வளவுதான். பொனிரான் எல்லாத் தலைமாட்டிலும் ஒவ்வொரு பிடி பூப் போட்டார். வகிரா தன் பூக்கூடையை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனாள்.