கோலார்க்காரர் மகள்

கோலார் தங்கச் சுரங்கத்தில் இருபத்தாறு வருடம் பாறை உடைத்துவிட்டு, 1978-ல் காத்தவராயன் சொந்த ஊரான நெல்லித்தோப்புக்குத் திரும்பியபோது, அவர் கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் விடாத இருமலும்தான். தெருக்காரர்கள் பெட்டியை மட்டும் பார்த்தார்கள்.

"வாங்க கோலார்க்காரரே" என்று டீக்கடையில் எழுந்து இடம் கொடுத்தார்கள். அவரும் சும்மா இருந்தாரா? இரும்புக் கூண்டில் இரண்டு மைல் ஆழம் இறங்குவது, அடியில் பாறை வெடித்தால் மேலே வீடுகள் ஆடுவது, ஊர் உலகமெல்லாம் மண்ணெண்ணெய் விளக்கோடு கிடந்த காலத்திலேயே அங்கே கரண்டு எரிந்தது என்று அளந்தார். பொய்யில்லை. ஆனால் எரிந்தது துரைமார் பங்களாவில். தான் படுத்துக் கிடந்த தகரக் கொட்டகையைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. மரியாதை யாருக்குத்தான் கசக்கும்?

மகள் வசந்தா தாயில்லாமல் இங்கே அத்தையிடம் வளர்ந்தவள். அப்பாவைப் பொங்கலுக்குப் பொங்கல் பார்த்தவள். அவளைப் பெண் கேட்டு முதலியார்பேட்டையிலிருந்து நாராயணசாமி வந்தார். மில் மேஸ்திரி. பையனுக்கும் மில்லில்தான் வேலை.

"நகையப் பத்தி நாங்க வாயத் தொறக்க மாட்டோம். தங்கம் தோண்டுன கை, பெத்த பொண்ணுக்குக் கொறையா வைக்கும்?"

அந்த இடத்தில் "எங்கிட்ட ஒண்ணுமில்லீங்க" என்று காத்தவராயன் சொல்லியிருக்க வேண்டும். சிரித்தார். பாழாய்ப்போன அந்தச் சிரிப்பை நம்பித் தட்டு மாற்றினார்கள்.

கல்யாணத்தில் மகளுக்கு ஒரு ஜோடித் தோடும் மூக்குத்தியும் போட்டு அனுப்பினார். மிச்சம் பின்னால் வரும் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். நாலாம் மாதம் வசந்தா பையோடு வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"இருக்கறத எடுத்துக்கினு வா, இல்லன்னா வராதன்னு அனுப்பிட்டாங்கப்பா."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். மகளிடம் சொல்லக் கூசியதையும் சொன்னார். வேலை முடிந்து மேலே ஏறியதும் காவலாளி முன்னால் துணியை அவிழ்த்துவிட்டு நிற்க வேண்டும். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். தலைமுடியை உதற வேண்டும். இருபத்தாறு வருடமும் அப்படித்தான்.

"ஒரு பொட்டு வெளிய வராதும்மா. நான் கொண்டாந்தது இதான்" என்று நெஞ்சைத் தட்டினார். பாறைத்தூள் அடைத்த நுரையீரலின் எக்ஸ்ரேயை எடுத்துக் காட்டினார். பெட்டியையும் அவள் முன்னால் கவிழ்த்துக் கொட்டினார். இரண்டு வேட்டியும் ஒரு போர்வையும் விழுந்தன.

வசந்தா தேம்பித் தேம்பி அழுதாள். மகளாவது நம்பினாளே என்று அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள், தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்து அவர் காதோரம் குனிந்தாள்.

"எனக்கு மட்டும் சொல்லுப்பா. எங்க பொதச்சு வெச்சிருக்க?"