பெயரில்லாத பட்டன்கள்

சனி, ஞாயிறு விடுமுறையில் ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றிலும் புதிய இயங்குதளத்தைப் போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை காலை பத்மஜா ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரைத் திறந்தாள். ஒரு சத்தமும் வரவில்லை.

பத்மஜாவுக்குக் கல்லூரிக் காலத்திலேயே பார்வை போய்விட்டது. மும்பை விக்ரோலியில் ஒரு மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனியில், கிளெய்ம்களைப் பரிசீலிக்கும் பிரிவில் இருக்கிறாள். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரை நம்பித்தான் அவள் வேலை. மாற்றம் வரப்போகிறது என்று சுற்றறிக்கை வந்த அன்றே, என் கம்ப்யூட்டரில் முதலில் போட்டுப் பாருங்கள் என்று கேட்டிருந்தாள். பார்க்கிறோம் என்றார்கள். அவள் சர்வீஸில் இப்படி நடப்பது இது மூன்றாவது தடவை. அதனால் கோபம்கூட வரவில்லை. ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் பிரிவு ஜெயகணேஷுக்குப் போன் செய்தாள்.

ஜெயகணேஷ் தாராவிக்காரன். இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பா. வந்து உட்கார்ந்து வெகுநேரம் தட்டிப் பார்த்தான்.

“பழைய ஸ்கிரீன் ரீடரு இதுல ஓடாதுக்கா. புது வெர்ஷன் போட்டுட்டேன். ஆனா உங்க பழைய குரலு இதுல வரமாட்டேங்கு. அதைச் செஞ்ச கம்பெனிக்காரன் இன்னும் மாத்தல போல.”

“எப்போ மாத்துவானாம்?”

“ஒண்ணும் போடலையேக்கா.”

பழைய குரல் தகரத்தைத் தட்டுவதுபோல் இருக்கும். அவள் வைத்திருந்த வேகத்தில் மற்றவர்களுக்கு வண்டு இரைச்சல்தான் கேட்கும். அவளுக்கோ ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழும். புதியது மென்மையான பெண் குரல். வாக்கியத்துக்கு வாக்கியம் மூச்சு வாங்கிப் பேசியது. அவளைவிட இளையவளான பிரிவு மேனேஜர் சாதனா ஹெட்போனை ஒரு காதில் வைத்துக் கேட்டுவிட்டு, “நன்னா இருக்கே மேம், மனுஷா பேசற மாதிரியே” என்றாள். வேகத்தைக் கூட்டினால் வார்த்தைகள் குழைந்த சோறுபோல் ஒட்டிக்கொண்டன.

அதையாவது பழகிக்கொள்ளலாம். புதிய இயங்குதளத்துக்காகக் கிளெய்ம் மென்பொருளையும் வெளிக் கம்பெனி ஒன்று திருத்தியிருந்தது. எழுத்து இருந்த இடங்களில் இப்போது சின்னச் சின்னப் படங்கள். படத்துக்குப் பின்னால் பெயர் எழுதி வைத்தால்தான் ஸ்கிரீன் ரீடரால் வாசிக்க முடியும். யாரும் எழுதவில்லை. அது “பட்டன், பட்டன், பட்டன்” என்று மட்டும் சொன்னது. ஜெயகணேஷ் பார்த்துச் சொல்ல, எந்த வரிசையில் எது என்று பத்மஜா மனப்பாடம் செய்துகொண்டாள். அனுமதி மூன்றாவது, நிராகரிப்பு இரண்டாவது.

அந்த வார நடுவில் யாரோ அந்த வரிசையின் தொடக்கத்தில் புதிதாக ஒரு பட்டனைச் சேர்த்துவிட்டார்கள். அவளுக்கு அது தெரியாது. காட்கோபரில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து பித்தப்பைக் கல் ஆபரேஷன் முடிந்து அன்று வீடு திரும்பவிருந்த ஒரு பெண்ணின் கிளெய்ம் வந்தது. எல்லாம் சரியாக இருந்தது. மூன்றாவது பட்டனை அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் வந்த மின்னஞ்சலைப் புதிய குரல் நிதானமாக வாசித்தது. நிராகரிக்கப்பட்டது.

நேரே சாதனாவிடம் போய்ச் சொன்னாள். நிராகரித்ததை மேலிடத்தில்தான் திருப்ப முடியும். சாயங்காலம் ஆகும் என்றாள் சாதனா. நோயாளியின் கணவர் நெல்லையப்பனுக்கு பத்மஜாவே போன் செய்தாள்.

“இன்ஷூரன்ஸ்லேர்ந்து பத்மஜா பேசறேன். உங்க கிளெய்ம் ரிஜெக்ட்னு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கும். அது நான் பண்ணின தப்பு. உங்க பேர்ல ஒண்ணும் இல்லை. சரி பண்ணிண்டிருக்கோம். சாயங்காலத்துக்குள்ள வந்துடும்.”

“ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாவ. பணம் வராம வீட்டுக்கு விடவும் மாட்டேங்காவ. அவள வராந்தா பெஞ்சுல உக்கார வச்சிருக்கேன். கூட்டம் ஏறதுக்கு முன்ன டோம்பிவிலி வீட்டுக்கு ரயிலு பிடிச்சிரலாம்னு நெனச்சோம்.”

“ஆஸ்பத்திரியில நான் பேசறேன். படுக்க ஒரு கட்டில் கொடுக்கச் சொல்றேன்.”

“பேசுங்க. வேற என்னத்தச் சொல்ல.”

அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டில் காலியில்லை என்றுவிட்டார்கள். அனுமதி ஆபீஸ் விடும் நேரத்துக்குத்தான் வந்தது. மறுநாள் அவரை மீண்டும் கூப்பிட்டு விசாரித்தாள். “தாணே வரைக்கும் நின்னுக்கிட்டேதான் வந்தா. பெறவு ஒரு அம்மா எந்திரிச்சு எடம் குடுத்தாவ. இப்ப தூங்குதா” என்றார்.

சாதனா அவளைத் தன் அறைக்கு அழைத்தாள்.

“உங்களை போன் டெஸ்குக்கு மாத்திடலாமா மேம்? பர்மனென்ட்டா. டென்ஷன் இல்லாம இருக்கலாம்.”

“என்னை மாத்தினா அந்தப் பட்டனுக்குப் பேர் வந்துடுமா?”

“அதுக்குச் சொல்லலை மேம்.”

“தப்பு நான் பண்ணினதுதான். ரிப்போர்ட்ல எழுது சாதனா. பட்டனுக்குப் பேர் இல்லைன்னும் எழுது. ரெண்டும் ஒரே ரிப்போர்ட்ல இருக்கணும். பேர் வர வரைக்கும் போன் எடுக்கறேன். அப்புறம் என் சீட்டுக்குத்தான் வருவேன்.”

சாதனா இரண்டையும் எழுதி மேலே அனுப்பினாள்.

அதன்பின் பகலெல்லாம் போன். சாப்பாட்டுக்குப் பிறகு ஜெயகணேஷ் வந்து உட்காருவான். ஒவ்வொரு திரையாகத் திறந்து எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று அவன் சொல்ல, அதற்கு என்ன பெயர் வேண்டும் என்று பத்மஜா தட்டச்சு செய்து வெளிக் கம்பெனிக்கு அனுப்புவாள். முதலில், அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. ஒரு நோயாளி வராந்தாவில் காத்திருந்த விஷயம் மேலிடத்திலிருந்து அவர்களுக்குப் போன பிறகு, தினமும் பதில் வந்தது.

மழைக்காலம் முடிவதற்குள் பெரும்பாலான பட்டன்களுக்குப் பெயர் வந்துவிட்டது. ஒன்றை மட்டும், புரோகிராம் எழுதியவன் தனக்காக வைத்துக்கொண்ட பெயரோடு அப்படியே விட்டிருந்தார்கள். “பி டி என் எஃப் டபிள்யூ டி டூ” என்று அந்த மென்மையான குரல் மூச்சு வாங்கி வாசித்தபோது ஜெயகணேஷுக்குச் சிரிப்பு வந்தது. பத்மஜாவும் சிரித்தாள். “இருந்துட்டுப் போகட்டும். அதுவும் ஒரு பேர்தானே” என்றாள்.

அவள் தன் சீட்டுக்குத் திரும்பினாள். பழைய குரல் வரவே இல்லை. புதியதன் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறாள். முன்பு மத்தியானத்துக்குள் முடித்த வேலை இப்போது சாயங்காலம்வரை இழுக்கிறது. சுற்றியிருப்பவர்கள் கம்ப்யூட்டரை மூடும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்கும். அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் திலக் நகர் வீட்டுக்குள் நுழைந்தபோது டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு சோபாவில் சாய்ந்தாள்.

“காபி கலக்கட்டுமா?” என்றார் கணவர் கேஷவ்.

“அப்புறம். டிவியை அணைச்சுடுங்கோ. கொஞ்ச நேரம் யாரும் எங்கிட்ட எதுவும் வாசிக்காம இருக்கட்டும்.”

கேஷவ் டிவியை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.